"அம்மா, நீ ஏன் ஸாரி சொன்ன?"

கேள்வி: நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது. பெண் குழந்தைகளுக்கான சாரணர் அமைப்பான கேர்ள் ஸ்கவுட்ஸில் ஜூனியர். போன சனிக்கிழமை ஒரு சூப்பர்மார்க்கெட் வாசலில் அவள் ட்ரூப்பின் (குழுவின்) குக்கி பூத், அதாவது நிதி சேர்க்கக் குழந்தைகள் மேசை போட்டு பிஸ்கட் பெட்டி விற்கும் இடம். நானும் இன்னொரு பெண்ணின் அம்மாவும் பொறுப்பு. இரண்டு மணி நேரத்தில் என்னென்னவோ நடந்துவிட்டது. ஒருவர் வந்து நின்று, "இந்தப் பணமெல்லாம் யாருக்குப் போகுது தெரியுமா?" என்று ஆரம்பித்து, என் மகளைப் பார்த்தே கத்தினார். நான் சிரித்துச் சமாளித்து, ஸாரி சொல்லி அனுப்பிவைத்தேன். இன்னொருவர் நூறு டாலர் தாளை நீட்டி ஒரே ஒரு பெட்டி வாங்கினார். மீதி கொடுத்த பிறகு, "என்கிட்ட சில்லறை இருக்கு, அந்த நூறைக் கொடுத்துடுங்க" என்றார். முடித்துவிட்டு எண்ணிப் பார்த்தால் 40 டாலர் குறைந்தது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று என் பர்ஸிலிருந்து போட்டுவிட்டேன். நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ ஒருவர் மகளிடம் பெயர் என்ன, எந்த ஸ்கூல் என்று கேட்டு, செல்ஃபி எடுக்கலாமா என்றாராம். அவளே "நோ தேங்க்யூ" என்று சொல்லியிருக்கிறாள். இதற்கு நடுவில், கோவிலில் பழக்கமான ஒரு மாமி, "குழந்தைய இப்படித் தெருவுல நிக்க வச்சு விக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது மகள் இனி வரவே மாட்டேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், "நீ ஏன் ஸாரி சொன்ன?" என்கிறாள். வேறு பதில் இல்லை. வரும் சனிக்கிழமை அடுத்த பூத், இந்த முறை இந்தியன் ஸ்டோர் வாசலில். "மிச்சப் பெட்டியெல்லாம் நானே வாங்கி ஆபீஸ்ல வச்சுடறேன், விடு" என்கிறார் கணவர். வற்புறுத்தி அழைத்துப் போவதா, விட்டுவிடுவதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அன்று நடந்த நாலைந்து சங்கடங்கள் இருக்கின்றன. உங்கள் மகள் அதில் ஒன்றைத்தான் பொறுக்கி எடுத்திருக்கிறாள். கத்தியவரைப் பற்றி அவள் புகார் சொல்லவில்லை. செல்ஃபி கேட்டவரைப் பற்றியும் சொல்லவில்லை. நீங்கள் ஸாரி சொன்னதைத்தான் கேட்கிறாள். அதை "வேறு பதில் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முழுப் பதிலாகத்தான் படுகிறது.

பத்துப் பன்னிரண்டு வருடமாகக் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லும் வேலை எனக்கு. அதோடு, என் மகளின் ட்ரூப்புக்கு நாலு சீசன் 'குக்கி அம்மா'வாக, அதாவது விற்பனைப் பொறுப்பாளராக இருந்து, வரவேற்பறையில் தின் மின்ட்ஸ் குக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் குடும்பம் நடத்தியவள். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். ஒன்பது வயதுக் குழந்தை ஒரு முரட்டு ஆளை மறந்துவிடும். ஆனால் தப்புச் செய்யாத தனக்காகத் தன் அம்மா அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டதை மறக்காது. அதில் அவளுக்குப் புரிந்தது இரண்டில் ஒன்று: தான் ஏதோ தப்புச் செய்திருக்கிறோம், அல்லது, யாராவது கத்தினால் அம்மா தன் பக்கம் நிற்க மாட்டாள். நீங்கள் நினைத்தது இரண்டுமே இல்லை என்பது எனக்குத் தெரியும். வெளியூரில் வந்து குடியிருக்கிற நமக்குப் பிரச்சினை வந்தால் சிரித்து, குனிந்து, ஆளை அனுப்பிவிடுவது கைவந்த பழக்கம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இங்கே பிறந்து வளர்கிற பெண்ணுக்கு அந்தப் பழக்கத்தின் காரணம் தெரியாது.

அதனால் சனிக்கிழமையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இன்று ராத்திரியே அவளிடம் சொல்லுங்கள்: "அன்னிக்கு நான் ஸாரி சொல்லியிருக்கக் கூடாது. நீ எந்தத் தப்பும் பண்ணல. எனக்குப் பதட்டமா இருந்துச்சு, அதனால சொல்லிட்டேன்." அவ்வளவுதான். "ஆனா நீயும் கொஞ்சம்..." என்று வாலை நீட்டாதீர்கள். இன்னொன்றையும் சொல்லுங்கள். செல்ஃபி கேட்டவரை அவளே ஒரு வார்த்தையில் நிறுத்தினாளே, அன்று அந்த பூத்தில் ஒழுங்காக நடந்த காரியம் அதுதான். கடிதத்தில் அதை அரை வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். வீட்டிலும் அப்படித்தான் கடந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

இனி பூத். அங்கே வருகிற சிக்கல்களில் எது குழந்தையுடையது, எது பெரியவர்களுடையது என்று பிரித்து வைத்துக்கொண்டால் பாதிப் பதட்டம் போய்விடும். வாங்க மாட்டேன் என்பவர், "எனக்குச் சர்க்கரை நோய்ம்மா" என்பவர், உள்ளே போகும்போது "வரும்போது வாங்கறேன்" என்று சொல்லிவிட்டு வரும்போது போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவுபவர், இவர்களெல்லாம் குழந்தையுடைய சிக்கல். இதைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ளத்தான் பூத்தே. நான் ஒருமுறை இதில் சறுக்கினேன். என் மகளிடம் ஒரு பாட்டி தனக்கு இனிப்பு ஆகாது என்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் குறுக்கே பாய்ந்து, "நீங்க வாங்கி டொனேட் பண்ணலாமே" என்று விளக்கி, இரண்டு பெட்டிக்குக் காசும் வாங்கிவிட்டேன். காரில் ஏறியதும் அவள் சொன்னாள்: "அது என் டர்ன்." வாஸ்தவம்தான். வாங்கிச் சாப்பிட முடியாதவர்கள் ராணுவத்தினருக்கோ உணவு வங்கிக்கோ போகும்படி பெட்டி வாங்கிக் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு பெரும்பாலான கவுன்சில்களில், அதாவது அமைப்பின் வட்டாரக் கிளைகளில், இருக்கிறது. அதைச் சொல்ல என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அங்கே நான் அவசரப்பட்டேன், இங்கே நீங்கள் தாமதித்தீர்கள். எந்த நொடியில் நுழைவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. கேள்வியாக இருக்கும் வரை குழந்தை பேசலாம். கேள்வி முடிந்து குற்றச்சாட்டு ஆரம்பித்தால் பெரியவர் வர வேண்டும்.

"பணம் எங்கே போகுது?" என்பது நியாயமான கேள்வி. இதற்கு மகளிடம் பதில் இருக்க வேண்டும். பேக்கரிக்குக் கொடுத்தது போக மிச்சம் உள்ளூர் கவுன்சிலுக்கும் ட்ரூப்புக்கும். ஒரு பெட்டியில் ட்ரூப்புக்கு எவ்வளவு நிற்கிறது என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். ட்ரூப் லீடரிடம் கேட்டு அந்தத் தொகையை மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். "எங்க ட்ரூப் இதுல கேம்ப் போகப் போறோம்" என்று அவளே ஒரு வரி சேர்த்துக்கொள்வாள். ஆனால் உங்கள் ஆள் "யாருக்குப் போகுது தெரியுமா?" என்று கேட்டது தெரிந்துகொள்ள இல்லை. அந்த அமைப்பின் மேல் ஒரு தரப்பாருக்கு நெடுநாள் கோபம் உண்டு. 2004-இல் டெக்சாஸின் வேக்கோவில் கருத்தடை, கருக்கலைப்பு சம்பந்தமான சண்டையில் குக்கியைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். 2012-இல் திருநங்கைச் சிறுமிகளைச் சேர்ப்பது பற்றி இன்னொரு புறக்கணிப்புக் குரல். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும், அது நாலாம் வகுப்புப் பெண் மேசைக்குப் பின்னால் நின்று வாதாட வேண்டிய விஷயம் இல்லை.

அந்த இடத்தில் உங்கள் வேலை வாதாடுவதும் இல்லை, ஸாரி சொல்வதும் இல்லை. நடந்து போய் மகளுக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். உடம்புதான் முக்கியம், வார்த்தை அப்புறம். "ஏதாவது சொல்லணும்னா கவுன்சில்கிட்ட சொல்லுங்க, குழந்தைங்ககிட்ட வேண்டாம். வணக்கம்." இதை ஆங்கிலத்தில் ஒரே வாக்கியமாகத் தயார் செய்து, கண்ணாடி முன் நாலு தடவை சொல்லிப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பதட்டத்தில் புது வாக்கியம் வராது; பழகிய வாக்கியம்தான் வரும். உங்களுக்கு 'ஸாரி' வந்ததும் அப்படித்தான். அவர் அப்புறமும் நகரவில்லை என்றால் இன்னொரு அம்மா உள்ளே போய்க் கடை மேனேஜரைக் கூப்பிடட்டும். அது அவர்கள் வாசல், நாம் விருந்தாளி. அவர்கள் சொன்னால் எடுபடும்.

குழந்தைகளைக் கடினமான கேள்வியிலிருந்து முழுக்கப் பொத்திப் பொத்தி வைக்கவும் வேண்டாம். மிச்சிகனில் இரண்டு ஸ்கவுட் சிறுமிகள் ஒராங்குட்டான்களைப் பற்றிப் படிக்கப் போய், காட்டை அழித்து எடுக்கும் பாமாயில் தாங்கள் விற்கும் குக்கியிலேயே இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 2007 வாக்கில் அவர்கள் ஆரம்பித்த கேள்விக்கு 2011-இல் தலைமையகம் பாமாயில் கொள்கை ஒன்றை அறிவிக்க வேண்டிவந்தது. வாடிக்கையாளர் யாராவது பாமாயில் பற்றிக் கேட்டால், "நல்ல கேள்வி, எனக்கு முழுசாத் தெரியாது, பெட்டியில போட்டிருக்கு பாருங்க" என்று உங்கள் மகள் சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் குழந்தை ஞாபகத்திலிருந்து பதில் சொல்லவே கூடாது: ஒவ்வாமை. "இதுல வேர்க்கடலை இருக்கா?" என்று யாராவது கேட்டால் பெட்டியைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குக்கி சுடுவது இரண்டு பேக்கரிகள். ஒரே மாதிரிக் குக்கிக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. ஒரு கவுன்சிலில் டேகலாங்ஸ் என்பது இன்னொன்றில் பீநட் பட்டர் பேட்டீஸ். ஒன்றில் சமோவாஸ், மற்றதில் கேரமல் டிலைட்ஸ். செய்முறையும் அச்சு அசல் ஒன்று இல்லை. போன வருடம் வேறு மாநிலத்தில் சாப்பிட்டதை வைத்து யாரும் நம்பிக்கை சொல்லக் கூடாது. இந்தியன் ஸ்டோர் வாசலில் இதே கேள்வி "முட்டை இருக்கா?" என்று வரும். தின் மின்ட்ஸில் முட்டையும் இல்லை, பாலும் இல்லை. மற்றதற்குப் பெட்டியைத் திருப்பிப் பார்க்கட்டும்.

நாற்பது டாலருக்கு வருகிறேன். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினாரா என்று நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கிற வரிசை, கல்லாவில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்த பழைய வித்தை. 6 டாலர் பெட்டிக்கு நூறு கொடுத்து 94 வாங்கியாகிவிட்டது. உடனே, "அட, பத்து இருக்கே, நூறைக் கொடுங்க, இந்தாங்க உங்க மீதி" என்று மடித்த நோட்டுகளைத் திருப்பித் தருவார்கள். அதில் இருபதுகள் இரண்டு குறையும். அதே மூச்சில் இன்னும் இரண்டு பெட்டி வேண்டுமா வேண்டாமா என்று பேச்சை ஓட்டுவார்கள். எண்ணவிடாமல் பேச வைப்பதுதான் முழு வித்தையும். நம்மூர் காய்கறிக் கடை அம்மாக்கள் பெரிய நோட்டு வந்தால் அதைப் பெட்டியில் போடாமல், விரலிடுக்கில் பிடித்துக்கொண்டே மீதியை எண்ணித் தருவார்களே, அதை அப்படியே செய்யுங்கள். மீதி அவர் கைக்குப் போய், அவர் தலையாட்டிய பிறகுதான் நோட்டு உள்ளே போக வேண்டும். உள்ளே போன பிறகு "திருப்பிக் கொடுங்க" என்றால், "முதல்ல நான் கொடுத்த மீதியை மேசையில வைங்க, எண்ணிட்டு மாத்தறேன்" என்று சொல்லுங்கள். நேர்மையானவருக்கு இதில் கோபம் வராது.

இதைவிட எளிது, 20 டாலருக்கு மேல் நோட்டு வாங்குவதில்லை என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடுவது. மகளுக்கு நல்ல கையெழுத்து என்றால் அவளே எழுதட்டும். சிலர் கள்ளநோட்டுப் பேனா வாங்கி வைக்கிறார்கள். அது காகிதத்தில் மாவுச்சத்து இருக்கிறதா என்று மட்டும் காட்டும். சின்ன நோட்டை வெளுத்து அதன் மேல் நூறு என்று அச்சடித்திருந்தால் பேனா சும்மா இருந்துவிடும். 2013 முதல் வரும் நூறு டாலர் தாளில் நீலப் பட்டை ஒன்று காகிதத்தோடு நெய்திருக்கும். அசைத்தால் அதிலுள்ள மணிப் படங்கள் 100 என்று மாறும். ஆனால் அட்டையை ஒட்டிவிட்டால் இதெல்லாம் தேவைப்படாது.

உங்கள் பர்ஸிலிருந்து போட்டீர்களே, அதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. லீடரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஒருவர் பூத்தில் நடந்தால் அடுத்த பூத்திலும் நடக்கலாம், மற்ற அம்மாக்களுக்குத் தெரிய வேண்டாமா? இந்த விற்பனையில் குழந்தைகள் கற்க வேண்டும் என்று அந்த அமைப்பு எழுதி வைத்திருக்கும் ஐந்து திறமைகளில் பணத்தைக் கையாள்வதும் தொழில் நேர்மையும் உண்டு. மகள் பார்க்க, கணக்கை மூடி மறைத்துவிட்டு, அவளை என்ன கற்கச் சொல்வது? அடுத்த முறை ஆரம்பிக்கும்போது பெட்டிகளை எண்ணிக்கொள்ளுங்கள், சில்லறைக்காக வைத்த பணத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 120 பெட்டி வந்து 41 மிச்சம் என்றால் 79 விற்றிருக்கிறது, 474 டாலர். கார்டில் வந்தது போக மீதியும், சில்லறைக்கு வைத்ததும் பணப்பெட்டியில் இருக்க வேண்டும். மகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெயர் கேட்டவரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, மகளுக்கே தெரிந்திருக்கிறது. பெயர் ஒட்டிய ஸ்டிக்கர் வேண்டாம், பள்ளிப் பெயர் போட்ட ஜாக்கெட்டும் வேண்டாம். குளிருக்குக் கோட் போட்டால் அதன் மேல் ஸ்கவுட் வெஸ்டை மாட்டிவிடுங்கள், அதுவே போதுமான அடையாளம். "நாலு பெட்டி இருக்கு, கார் வரைக்கும் கொண்டுவந்து கொடு கண்ணு" என்று பாசமாகக் கேட்பவர்களும் வருவார்கள், பெரும்பாலும் நல்லவர்கள்தான். ஆனாலும் குழந்தை மேசையை விட்டு நகரக் கூடாது. என் மகளுக்கும் எனக்கும் ஒரு சங்கேதம் இருந்தது. யாரிடமாவது அவளுக்குச் சங்கடமாக இருந்தால், "அம்மா, என் தண்ணி பாட்டில் எங்க?" என்பாள். நான் உடனே பக்கத்தில் போய் நின்றுவிடுவேன். பாட்டில் எப்போதும் மேசை மேலேயே இருக்கும்.

இந்தியன் ஸ்டோர் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே கத்துகிறவர்கள் குறைவு; பேரம் பேசுகிறவர்கள் அதிகம். "மூணு எடுத்தா எவ்ளோ?" என்று ஒரு அங்கிள் கட்டாயம் கேட்பார். "பதினெட்டு டாலர், அங்கிள்" என்று சிரிக்காமல் சொல்ல மகளைப் பழக்குங்கள். விலை கவுன்சில் வைத்தது, ட்ரூப் குறைக்க முடியாது. தெரிந்தவர் என்பதற்காக நீங்கள் ஒரு பெட்டியைச் சும்மா கொடுத்தால் அந்தக் காசும் உங்கள் பர்ஸிலிருந்துதான் வரும், மறுபடியும்.

மாமிக்கு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கடிதத்தில் எழுதும் அளவுக்குக் குத்தியிருக்கிறது. 1917-இல் ஒக்லஹோமாவின் மஸ்கோகியில் ஒரு ட்ரூப் பள்ளிக் கேன்டீனில் குக்கி விற்றதிலிருந்து, நூறு வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டுப் பெண் குழந்தைகள் செய்கிற காரியம் இது. 1922-இல் அமைப்பின் பத்திரிகையிலேயே செய்முறை போட்டு, டஜன் 25, 30 சென்ட்டுக்கு விற்கச் சொன்னார்கள். மாமியிடம் இந்தச் சரித்திரமெல்லாம் வேண்டாம். அவர் அந்தக் கடைக்கு எப்படியும் கறிவேப்பிலை வாங்க வருவார். "மாமி, உங்களுக்கு எந்தக் குக்கி?" என்று மகளே கேட்கட்டும்.

கணவர் யோசனை அன்பில் வந்தது, ஆனால் இப்போது அதைச் செய்தால், அன்று நீ தோற்றுவிட்டாய், அப்பா வந்து துடைத்துவிட்டார் என்றுதான் மகளுக்குப் படும். அவருக்கு வேறு வேலை கொடுங்கள். பெரும்பாலான கவுன்சில்களில் பூத்துக்குப் பதிவு செய்த பெரியவர் இரண்டு பேர் வேண்டும். அவர் பதிவு செய்து பின்னணிச் சோதனை முடித்திருந்தால் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் அவரே நிற்கலாம். ஒருவர் பணத்தைப் பார்க்க, ஒருவர் குழந்தைகளைப் பார்க்க. போன வாரம் நீங்கள் பெட்டியும் அடுக்கி, கணக்கும் பார்த்து, ஆட்களையும் சமாளித்திருக்கிறீர்கள். அதில்தான் கண் தவறியது.

வற்புறுத்த வேண்டாம். மன்னிப்பைச் சொன்ன பிறகு, "இந்தத் தடவை யாராவது கத்தினா நான் நடுவுல வந்து நிப்பேன்" என்று மட்டும் சொல்லி, அந்த ஒரு வாக்கியத்தை அவள் எதிரிலேயே ஒத்திகை பாருங்கள். அவளே கத்துகிறவராக நடிக்கட்டும். குழந்தைகளுக்கு அது பிடிக்கும். முழு இரண்டு மணி நேரம் இல்லாமல் முதல் அரை மணி மட்டும் வருகிறாயா என்று கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வீட்டிலிருந்தே தெரிந்தவர்களுக்குச் செய்தி அனுப்பி ஆன்லைனில் விற்கவும் வழி இருக்கிறது. எதுவானாலும் வியாழக்கிழமைக்குள் முடிவு செய்து அவளே லீடருக்குப் போன் செய்து சொல்லட்டும். அந்த நேரத்துக்கு வேறொரு பெண் வர வேண்டியிருக்கும்.